ஒரு மணி நேரப் பகல், 2,500 ரூபாய்: செம்பட்டியிலிருந்து ஓர் அந்தமான் கணக்கு

செம்பட்டியிலிருந்து போர்ட் பிளேயர் வான்வழியில் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். தீர்க்கரேகைப்படி இரண்டு ஊருக்கும் இடைவெளி 15 பாகை. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் 60 நிமிடம். நம் தென்னந்தோப்பில் வெயில் படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே வெயில் வந்துவிடுகிறது. கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். டிசம்பர் கடைசியில் திண்டுக்கல் பக்கம் சூரியன் காலை ஆறரைக்கு எழுந்து மாலை ஆறு மணி தாண்டி மறைகிறது. போர்ட் பிளேயரில் அது ஐந்தரைக்கெல்லாம் எழுந்து ஐந்து மணியை ஒட்டி மறைந்துவிடுகிறது. அந்தமான் டூருக்குக் கணக்குப் போடுகிறவர்கள் ரூபாயை எழுதுகிறார்கள். இந்த ஒரு மணி நேரத்தை எழுதுவதில்லை. அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும்.

செம்பட்டி சுற்றுலாவுக்குப் பழக்கப்பட்ட ஊர். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிற வண்டிகளும், பழனிக்கும் மதுரைக்கும் இடையே ஓடுகிற பஸ்களும் நம் முக்கைத் தாண்டித்தான் போகின்றன. மலை நமக்குக் கூப்பிடு தூரம். கடல்தான் தூரம். அதனால்தான் நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்று வாழ்நாளில் ஒருமுறை பெரிதாகச் செலவழித்துப் போகலாம் என்று உட்கார்ந்தால், துறைமுகமும் தீவும் நீர்விளையாட்டும் சரித்திரமும் ஒரே இடத்தில் கிடைக்கிற அந்தமான் பேச்சில் வந்து விழுகிறது. 2024 செப்டம்பரிலிருந்து தலைநகர் போர்ட் பிளேயரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவாகவும், நீல் தீவு ஷஹீத் தீவாகவும் மாறின. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஊர் அதுதான் என்று தெரிந்திருந்தால் போதும்.

கணக்கு ஆறு இரவு, ஏழு நாளுக்கு. அப்பா, அம்மா, பத்து வயது தாண்டிய இரண்டு பிள்ளைகள். விலைகள் சீசனுக்குச் சீசன் ஏறி இறங்கும். இங்கே இருப்பவை, நெரிசல் இல்லாத நாட்களுக்குத் திட்டம் போடப் போதுமான வட்டத் தொகைகள்.

செம்பட்டியிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ், போக வர 200 ரூபாய். திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 430 கிலோமீட்டர். ஸ்லீப்பரில் தலைக்கு 300-க்குக் கொஞ்சம் மேலே, நாலு பேருக்குப் போக வர 2,600. எழும்பூர் வரை போகத் தேவையில்லை. விடியற்காலை தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் தலைக்கு 5 ரூபாய். எதிரே விமான நிலையம். மூட்டை முடிச்சோடு எழும்பூரில் இறங்கி டாக்சி பிடித்தால் நூற்றுக்கணக்கில் போகும். போக வர 40 ரூபாயோடு இந்த வரி முடிந்தது.

அடுத்த வரிதான் கணக்கையே சாய்க்கிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு விமானத்தில் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். முன்கூட்டிப் போட்டால் ஒரு வழிக்கு 6,000 முதல் 9,000 வரை. நடுவே 7,500 என்று வைத்தால் நாலு பேருக்குப் போக வர 60,000. தீவில் இறங்கியபின் தங்குமிடம், நாலு பேர் படுக்கிற அறை 3,500 வீதம் ஆறு இரவுக்கு 21,000. போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து திரும்ப போர்ட் பிளேயர் என்று மூன்று தனியார் படகுப் பயணம், தலைக்கு 1,500 வீதம் 18,000. உள்ளூர் டாக்சி, ஆட்டோ, வாடகை ஸ்கூட்டர் எல்லாம் சேர்த்து 10,000. சாப்பாடு தலைக்கு நாளுக்கு 700 வீதம், முதல் நாளையும் கடைசி நாளையும் ஒன்றாக எண்ணி, 16,800. ராஸ் தீவுக்கும் நார்த் பே-க்கும் படகு 3,600. ஸ்கூபா மூன்று பேருக்கு 12,000. நுழைவுச் சீட்டுகளுக்கு 1,000.

கூட்டினால் 1,45,240. கையில் அவசரத்துக்கென்று ஒரு 10,000 தனியே.

இந்தத் தொகையைக் குடைந்து பாருங்கள். பஸ், ரயில், விமானம், படகு, டாக்சி ஆகிய ஐந்தும் சேர்ந்து 94,440 ரூபாய். நூறு ரூபாயில் 65 ரூபாய் நகர்வதற்கே போகிறது. நாம் எதைப் பார்க்கவும் செய்யவும் போகிறோமோ அதற்கு, அதாவது ஸ்கூபாவுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் சேர்த்து, 9 ரூபாய்தான். "ஸ்கூபா விலை ஜாஸ்தி, வேண்டாம்" என்று அதை அடிக்கிற குடும்பங்கள் தவறான வரியை அடிக்கின்றன.

பகல் கணக்குக்கு வருவோம். முதல் நாள் காலை பத்து மணிக்கு ஊருக்குள் நுழைந்தால் இருட்டும்வரை 7 மணி நேரம். நடுவில் ஐந்து முழு நாட்கள், குளிர்காலத்தில் நாளுக்கு 11½ மணி நேரப் பகல், ஆக 57½. கடைசி நாள் விமானத்துக்குக் கிளம்பும்வரை 2½. மொத்தம் 67 மணி நேரம். படகுத்துறைக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பதும் கடல் பயணமும் சேர்ந்து மூன்று முறைக்கு 9 மணி நேரம் போய்விடும். மீதி 58. நம் செலவு ஏறக்குறைய 1,45,000. அதை 58-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரப் பகலின் விலை 2,500 ரூபாய்.

விடுமுறைதானே என்று எட்டு மணிவரை படுத்திருந்தால் ஐந்து நாளில் 12½ மணி நேரம் போச்சு. அதன் விலை 31,250. ஹோட்டலில் பேரம் பேசி ராத்திரிக்கு 300 ரூபாய் குறைத்தவர், ஆறு இரவில் மிச்சம் பிடித்த 1,800-ஐப் போல 17 மடங்கைத் தூக்கத்தில் விட்டிருக்கிறார். நான்கரைக்கு எழுந்து பூப்பறிக்கவும் பால் கறக்கவும் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. அந்த வழக்கத்தைத் தீவிலும் விடாமல் இருந்தால் போதும். இருட்டிய பிறகு செய்கிற காரியங்களை இருட்டுக்கே ஒதுக்குங்கள்: செல்லுலார் சிறையில் ஒலி-ஒளிக் காட்சி, அபர்தீன் பஜாரில் சாமான் வாங்குவது, கோயில். பகலில் கடைத்தெருவில் நிற்பது மணிக்கு 2,500 ரூபாய்க்கு நிற்பது.

எந்த மாதம் போவது என்ற கேள்விக்கும் இதே கணக்கு உதவும். ஏப்ரல் நடுவில் போர்ட் பிளேயரில் ஐந்து மணி சுமாருக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டுகிறது. பகல் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். டிசம்பரைவிட நாளுக்கு முக்கால் மணிக்கு மேலே லாபம். கடல் அடங்கிக் கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஏறுகிற விமானக் கட்டணமும் இருக்காது. வெயில் கடுமைதான், திண்டுக்கல் சித்திரையைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. ஆனால் மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். நம் மாவட்டத்தில் வருடத்துக்குப் பெய்வது 800 மில்லிமீட்டரை ஒட்டி. அங்கே ஏறத்தாழ 3,000. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்த உடனே கிளம்புவது நல்லது.

கப்பலில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுப் பயணிகள் கப்பல் மாதத்தில் சில நடைகள் போகிறது. பங்க் வகுப்புக் கட்டணம் விமானத்தைவிட வெகு குறைவு. ஆனால் போக ஏறத்தாழ மூன்று நாள், வர மூன்று நாள். வேலையும் பள்ளிக்கூடமும் உள்ள குடும்பத்துக்கு அது கட்டாது. ஓய்வுபெற்ற தம்பதி ஒன்றுக்கு, வங்கக்கடலை முழுதாகக் கடக்கிற அந்த மூன்று நாளே தனியான ஒரு டூர்.

இனி போய்ப் பார்ப்பவை. எல்லாவற்றையும் சமமாக எழுத எனக்கு மனம் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

ஒன்று செல்லுலார் சிறை. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து ஏழு சிறகுகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. 690-க்கும் மேற்பட்ட தனி அறைகள். மதிப்பீடு 5,17,352 ரூபாய். வகுத்துப் பார்த்தால், ஒரு மனிதனைத் தனியே அடைக்க ஏறக்குறைய 750 ரூபாய் ஆகியிருக்கிறது. அறை சுமார் 13½ அடிக்கு 7 அடி. பத்தடி உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி அமைத்ததால் எதிர் அறைக்காரன் முகம்கூடத் தெரியாது. இன்று மிச்சமிருப்பவை மூன்று சிறகுகள். 1979 பிப்ரவரி 11 முதல் அது தேசிய நினைவுச்சின்னம்.

அங்கே செக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள். கைதி ஒருவன் நாளுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்பது விதி. வழிகாட்டி இதைச் சொல்லும்போது வட இந்தியப் பயணிகள் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தென்னந்தோப்புக்காரர்களான நமக்கு அந்த எண் வேறு மாதிரி விழும். 30 பவுண்டு என்றால் 13.6 கிலோ. நூறு கிலோ கொப்பரைக்கு 60 கிலோவுக்குச் சற்று மேலே எண்ணெய் இறங்கும் என்பது நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியானால் 22 கிலோ கொப்பரை. கிலோவுக்கு ஏழு காய் என்று வைத்தாலும் 150 தேங்காய்க்கு மேலே. மாடு சுற்றுகிற செக்கில் மனிதனைப் பூட்டி, ஒரு நாளில் 150 தேங்காய். உங்கள் பிள்ளையை அந்தச் செக்கின் முன்னால் நிறுத்தி இந்தப் பெருக்கலைப் போடச் சொல்லுங்கள். சரித்திரப் புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்லாததை அந்த ஒரு பெருக்கல் சொல்லிவிடும். இங்கே இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். 5,000 ரூபாய் பெறுமான பகல், அதற்குத் தகும்.

இன்னொன்று ஸ்கூபா. நம் ஊரில் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள் நிறையப் பேர். அறுபதடிக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு ஆழம் பயம் தராது. ஆனால் கடலடி வேறு. தரையில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டல அழுத்தம். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அது இரண்டாகிவிடும். முதல் ஓரிரு மீட்டரிலேயே காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் டப்பென்று திறக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் இதைச் செய்ய வேண்டும். வலித்த பிறகு ஊதினால் திறக்காது.

நீச்சல் தெரியாதவர்களுக்கும் பயிற்சியாளர் கூடவே இறங்குகிற அறிமுக ஸ்கூபாவில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர், குறைந்தபட்ச வயது 10. பன்னிரண்டு லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் உள்ளே 2,400 லிட்டர். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் பத்து மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர் இழுப்பார். ஆக ஒரு மணி நேரக் காற்று. நம்மை அரை மணியில் மேலே கொண்டுவந்துவிடுவார்கள். மீதி, அவசரத்துக்கான கையிருப்பு. 4,000 ரூபாய்க்கு 30 நிமிடம் என்றால் நிமிடம் 133 ரூபாய். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் முதல் மூன்று நிமிடம் மூச்சைப் பற்றி மட்டும் நினைக்கிற பிள்ளை, நாலாவது நிமிடம் பவளப் பாறைக்கு மேலே ஒரு மீனைக் கண்டதும் அதை மறந்துவிடுகிறது. நூறில் 65 ரூபாயைப் போக்குவரத்துக்குக் கொட்டியதே இந்த நாலாவது நிமிடத்துக்காகத்தான்.

கட்டைவிரலை மேலே காட்டாதீர்கள். நமக்கு அது "சூப்பர்". தண்ணீருக்குள் அது "மேலே போக வேண்டும்". நன்றாக இருக்கிறேன் என்பதற்கு ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதில் பிரச்சினை உள்ளவர்கள் படிவத்தில் மறைக்கவே கூடாது.

ஸ்கூபாவோடு ஒட்டிய இன்னொரு எண்: 18. ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விமானத்தில் ஏறினால் குமிழாகி ஆபத்து. ஒருமுறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். அதனால் ஸ்கூபாவைக் கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது. முதலில் ஹேவ்லாக், பிறகு நீல், கடைசியில் போர்ட் பிளேயர் என்று வரிசை வைத்தால் இந்த எண் தானாகச் சரியாகிவிடும்.

ஹேவ்லாக்கில் உள்ள ராதாநகர் கடற்கரையை டைம் இதழ் 2004-இல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. அது மேற்கே பார்த்தது, மாலைக்கு. அதே தீவின் காலாபத்தர் கடற்கரை கிழக்கே பார்த்தது, காலைக்கு. இதை மாற்றிப் போடுகிற டிரைவர்களிடம் சொல்லித் திருத்துங்கள். நீல் தீவில் இயற்கைப் பாறைப் பாலத்தை வற்றத்தின்போதுதான் நடந்து போய்ப் பார்க்க முடியும். வற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் ராத்திரியே விடுதியில் கேட்டு வையுங்கள். நார்த் பே கலங்கரை விளக்கத்துக்கு ஏறுவதற்கு முன் பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். அதன் பின்பக்கத்தில் இருப்பது அந்தக் கரைதான்.

என் கணக்கில் எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு: பாரடாங் தீவு. சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாலைவழி ஜராவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டுக்குள் ஓடுகிறது. 2011 கணக்கெடுப்பில் அவர்கள் 380 பேர். வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும். நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. சட்டம் அப்படி இருந்தும், "ஜராவா தெரிவார்களா" என்று கேட்டுத்தான் பலர் அந்த வண்டியில் ஏறுகிறார்கள். 380 மனிதர்களை வேடிக்கை பார்க்கக் காசு கொடுக்கிற கூட்டத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்க எனக்குச் சம்மதமில்லை. குகைதான் வேண்டும் என்றால் கடல்வழி படகு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சாப்பாட்டுக்குத் திண்டாட வேண்டியதில்லை. 2011-இல் தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 3.8 லட்சம், அதில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். இட்லியும் கிடைக்கும், தமிழில் வழி சொல்ல ஆளும் கிடைக்கும். காய்கறியில் பெரும்பகுதி கப்பலில் வருவதால் சைவச் சாப்பாடுதான் மீன் சாப்பாட்டோடு போட்டி போடுகிற விலையில் இருக்கும். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து 2,312 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்ட பிறகு தொடர்பு நன்றாகத் தேறிவிட்டது. ஆனாலும் வெளித்தீவுகளில் சில நேரம் சிக்னல் படுத்துவிடும், அவசரத்துக்கென்று ஒதுக்கிய 10,000 ரூபாயை நோட்டாக வைத்திருங்கள்.

இனி பணத்தில் எழுத முடியாத இரண்டு எண்கள். 2016 டிசம்பரில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானபோது படகுகள் நின்றுபோய், ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கினார்கள். கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டன. ஆகவே நீலிலிருந்து திரும்புவதற்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் போர்ட் பிளேயரில் இருக்க வேண்டும். செல்லுலார் சிறையையும் ராஸ் தீவையும் அந்த நாளில் வைத்தால் அது வீண் நாளாகாது.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேயர் அருகே சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. ஏறத்தாழ 25 பேருக்கு உரிமம் பெற்ற படகில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து போன நம் மக்கள். இந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்த எண்ணை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். படகில் ஏறும் முன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள், தலைகளை எண்ணுங்கள், லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கிகளையும் பிள்ளைகளுக்கு நீங்களே மாட்டுங்கள். "பக்கத்துத் தீவுதானே சார், பத்து நிமிஷம்" என்று படகுக்காரர் சொன்னால், "அண்ணே, எங்களுக்கு அடுத்த படகு போதும்" என்று சொல்லி இறங்கிவிடுங்கள். அரை மணி நேரம் காத்திருந்தால் 1,250 ரூபாய்ப் பகல் போகும், போகட்டும்.

திரும்பும்போது பெட்டியில் பவளத் துண்டும் சங்கும் பொறுக்கி வைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் புலிக்குச் சமமான பட்டியலில் இருக்கிறது. விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும்.

டிக்கெட் போடும் வரிசை: முதலில் விமானம், இரண்டு மூன்று மாதம் முன்பே. அதன் தேதியை ஒட்டி ரயில். 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். பிறகு தீவுப் படகு மூன்றும். அறை கடைசியில் போட்டாலும் கிடைக்கும். திரும்புகிற அன்று காலை விமானத்தில் கிளம்பி நண்பகலுக்குள் சென்னையில் இறங்கினால், திரிசூலத்திலிருந்து தாம்பரம் வந்து, பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி வைகை எக்ஸ்பிரசைப் பிடிக்கலாம். ஸ்லீப்பர் வேண்டாம், உட்காரும் இருக்கை போதும். தலைக்கு நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். ராத்திரி எட்டரைக்குள் திண்டுக்கல், அங்கிருந்து செம்பட்டிக்குப் பஸ் இருக்கும்.